அப்பா ஒரு கீமேன்: ஆண்டிபட்டி கணவாயில் நடந்தவரைப் பற்றி

#1 கணவாய்க்காரி
18 ஜூன் 2023, காலை 9:10

இன்றைக்குத் தந்தையர் தினமாம். வாட்ஸாப்பில் விடிந்ததிலிருந்து ரோஜாப்பூ படமாக வந்து விழுகிறது. எங்கள் அப்பாவிடம் சொன்னேன். "அதுக்கு லீவு உண்டா?" என்றார். இந்தக் குழுவில் ரயில் பைத்தியங்கள் அதிகம் என்பதால் அவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். வேறு எங்கே எழுதினாலும் முதலில் கீமேன் என்றால் என்ன என்று விளக்கியே களைத்துப்போவேன்.

அப்பா மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதையில் வேலை பார்த்தவர். 1974-ல் இருபது வயதில் கேஷுவலாக, அதாவது தற்காலிக ஆளாகச் சேர்ந்தார். சில வருடங்களில் கேங்மேனாக, அதாவது தண்டவாளம் பராமரிக்கும் கூட்டத்தில் ஓர் ஆளாகப் பணி நிரந்தரம் ஆனது. அப்புறம் கீமேன். கேங் ஆட்கள் ஓர் இடத்தில் கூட்டமாக நின்று ஜல்லி அடிப்பார்கள், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் மாற்றுவார்கள், பேச்சுத்துணை உண்டு. கீமேன் தனி ஆள். கேங்குக்கு ஒதுக்கிய ஆறேழு கிலோமீட்டரையும் காலையில் கிளம்பித் தினமும் நடந்து பார்க்க வேண்டும். போகும்போது ஒரு பக்கத் தண்டவாளம், திரும்பும்போது மறுபக்கம். தோளில் சுத்தியல், ஸ்பேனர். பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஒரு தகர டப்பாவில், ஆபத்தில் ரயிலை நிறுத்தத் தண்டவாளத்தில் கட்டும் டெட்டனேட்டர் வெடி.

அந்தப் பாதையில் அவர் காலத்தில் வார்ப்பிரும்பு சிலிப்பர்கள் நிறைய. தண்டவாளத்தை அதோடு இறுக்கிப் பிடிப்பது, பக்கவாட்டில் அடித்துச் செருகிய இரும்புச் சாவி. ரயில் போகப் போக அதிர்ந்து அது நழுவும். அப்பா சாவியைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதுதான் அதிகம். போகிற போக்கில் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. இறுகியிருந்தால் "ணங்" என்று சுருக்கமாகக் கேட்கும். தளர்ந்திருந்தால் "டொப்". டொப் என்றால் நின்று, இரண்டு அடி. மறுபடி ணங் கேட்ட பிறகுதான் கால் நகரும். பள்ளிக்கூட லீவில் தூக்குவாளியில் சோறு கொண்டுபோகும்போது என்னைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொல்வார். நான் சரியாகச் சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டார். தப்பாகச் சொன்னால் "திரும்ப" என்பார். எங்களுக்குள் பெரிய விளையாட்டு அதுதான்.

அவர் நடையே சிலிப்பருக்குச் சிலிப்பர் கால் வைக்கிற நடை. ரிட்டயர் ஆகி ஒன்பது வருடமாகிறது. இன்னமும் சந்தைக்குப் போகும் தார் ரோட்டில் அதே அளவில்தான் அடி விழுகிறது. கூடப் போகிறவர்கள் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பார், "என்னங்க, இன்னைக்கு எப்படி?" "ஒண்ணுமில்ல" என்பார். இத்தனை வருடத்தில் பெரும்பாலும் அதே கேள்வி, அதே பதில். சின்ன வயதில் எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருக்கும். பக்கத்து வீட்டில் போலீஸ்காரர் இருந்தார், அவர் வீட்டில் தினம் ஒரு கதை ஓடும். எங்கள் வீட்டில் ஒண்ணுமில்ல. அந்த ஒண்ணுமில்லவைச் சம்பாதிக்கத்தான் அவர் வெயிலிலும் மழையிலும் பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர் நடந்திருக்கிறார் என்பது, நான் நர்ஸாகி நைட் டியூட்டி பார்க்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அப்பாவுக்கு 56 வயது. மானாமதுரைப் பக்கம் பிராட் கேஜுக்கு, அதாவது அகலப்பாதைக்கு மாற்றல். அந்தச் சமயத்தில்தான் ரயில்வேயில், அப்பா முன்கூட்டியே ஓய்வு பெற்றால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும் திட்டம் இருந்தது. சொந்தபந்தம் முழுக்க வந்து உட்கார்ந்து பேசியது. "பையனுக்குக் குடுத்துட்டு வீட்டுல உக்காரு." அப்பா முடியாது என்றுவிட்டார். தெரியாத ஊரில் அறை எடுத்து, தானே சமைத்துச் சாப்பிட்டு, 2014 வரை அந்தப் பொட்டல் வெயிலில் நடந்து முடித்தார். அண்ணன் திருப்பூர் போனான். ரொம்ப நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அவர் செய்தது அன்றைக்கும் சரியாகப் பட்டது, இன்றைக்கும் படுகிறது.

போன வியாழக்கிழமை போடி வரை பிராட் கேஜில் ரயில் ஓடத் தொடங்கியதே, நேற்று அவரை அதில் கூட்டிப்போனேன். வழி நெடுக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் கான்கிரீட் சிலிப்பர், கிளிப். "சத்தமே இல்லையே ஆத்தா, இதுல எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். ஊரைப் பார்க்கவே இல்லை மனுஷன்.

அவ்வளவுதான். அவரைப் பற்றி யாராவது நாலு பேர் படிக்க வேண்டும் என்று இருந்தது.


#2 உசிலைவாசி
18 ஜூன் 2023, காலை 9:41

அக்கா, நானும் அந்த ரயிலில் போய்ப் படித்தவன்தான். கணவாய் ஏறும்போது இறங்கி ஓடிப்போய் மறுபடி ஏறிக்கொள்ளலாம் என்று பெருமையடிப்போம் (யாரும் செய்ததை நான் பார்த்ததில்லை). ஓரமாக ஒதுங்கி நின்று ரயிலைப் பார்க்கும் சுத்தியல்காரரை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவாகக்கூட இருக்கலாம். நாங்கள் கை காட்டினால் அவர் திருப்பிக் காட்டவே மாட்டார். கோபக்காரர் என்று நினைத்திருந்தோம்.


#3 மீட்டர்கேஜ்
18 ஜூன் 2023, காலை 10:25

அருமையான பதிவு. பாதையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு குறிப்பு. இது 1928-ல் போட்ட பாதை. போடி மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய், காப்பி, தேயிலைக்காக வந்தது. இரண்டாம் உலகப் போரில் இரும்பு தேவை என்று தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி போட்டது 1950-களில். அப்புறம் 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடி, ஆண்டிபட்டி, தேனி என்று துண்டுதுண்டாகத் திறந்தார்கள். தேனிக்கு 2022 மே மாதம்தான் ரயில் வந்தது, போடிக்கு இப்போது. 90 கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல்! அதைப் பற்றித் தனி இழையே போடலாம், இங்கே வேண்டாம்.

கணவாய்க்காரி, அப்பாவிடம் இரண்டு கேள்வி கேட்டுச் சொல்ல முடியுமா? ஒன்று, அவர் எப்போதாவது கொடி காட்டி ரயிலை நிறுத்தியிருக்கிறாரா, விபத்தைத் தடுத்ததற்காக விருது ஏதாவது வாங்கினாரா? இரண்டு, ஏன் கை காட்ட மாட்டார்?


#4 கணவாய்க்காரி
18 ஜூன் 2023, பிற்பகல் 2:15

கேட்டேன். சாப்பிட்டுத் திண்ணையில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். யாரோ சென்னையிலிருந்து கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சட்டை வேறு போட்டுக்கொண்டார்.

கை காட்டாதது: ரயில் போகும்போது கீமேன் ரயிலைத்தான் பார்க்க வேண்டுமாம். சக்கரத்தில் ஏதாவது தொங்குகிறதா, பொறி பறக்கிறதா, பெட்டி போகும்போது தண்டவாளம் எவ்வளவு அமுங்குகிறது, இதெல்லாம் பார்க்க அந்த அரை நிமிடம்தான் கிடைக்கும். "வேடிக்கை பாக்குற புள்ளைகளுக்குக் கை காட்டிட்டு நின்னா அதை யாரு பாக்குறது?" என்கிறார்.

ரயிலை நிறுத்தியது: ஒரு தடவை. கார்த்திகை மழை நேரம், கணவாய் வெட்டுக்குள், இரண்டு தண்டவாளத்தை இணைக்கும் ஒரு பிஷ்பிளேட் பக்கத்தில் தண்டவாளம் விரிசல் விட்டிருந்ததாம். நடுவில் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, ரயில் வரும் திசையில் ஓடியிருக்கிறார். மீட்டர் கேஜுக்கு 400 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று கட்ட வேண்டும். சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். இவர் கட்டி முடித்து மூச்சு வாங்கி நின்ற பிறகு ரயில் வந்து வெடிச் சத்தம் கேட்டு நின்றது. அவ்வளவு பக்கத்தில் ஒன்றும் இல்லை, நிறைய இடம் இருந்தது என்கிறார். பாராட்டுக் காகிதம் கொடுத்தார்களாம். எங்கே என்று கேட்டேன், தெரியவில்லை.

இதைச் சொல்லி முடித்துவிட்டு அவர் சொன்னது: "நிப்பாட்டுனது என்ன பெருமை? முந்தின நாளும் அதே வழியாத்தான் போனேன். அன்னைக்கே கீறல் இருந்திருக்கும்ல. என் கண்ணுக்குத் தப்பிருச்சு. நல்ல கீமேனா இருந்தா ரயிலு நிக்கவே வேண்டியதில்ல." இத்தனை வருடம் கழித்தும் அது அவருக்கு உறுத்துகிறது. அந்தக் காகிதம் எங்கே போயிருக்கும் என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம்.


#5 செங்கொடி
18 ஜூன் 2023, மாலை 4:02

மன்னிக்கவும், எல்லாரும் உருகிக்கொண்டிருக்கும்போது கட்டையைப் போடுகிறேன். நான் டிராக்மேனாக இருந்து சங்க வேலை பார்த்தவன். உங்கள் அப்பா நல்லவர், சந்தேகமில்லை. ஆனால் இந்த மாதிரிப் பதிவுகள் எல்லாம் அந்த வேலையைக் கோயில் சேவை மாதிரி ஆக்கிவிடுகின்றன. நடுக்காட்டில் ஒதுங்க நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து சுமக்க வேண்டும். வளைவில் ரயில் வருவது தெரியாமல் அடிபட்டுச் செத்த ஆட்களை நானே தூக்கியிருக்கிறேன். அதிகாரி வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் கேங்மேன் போயிருக்கிறான். கேங்மேனை டிராக்மேன் ஆக்கினார்கள், டிராக்மேனை டிராக் மெயின்டெய்னர் ஆக்கினார்கள். பெயர் நீண்டது, சுத்தியல் அதே எடைதான். ரயில் வருவதை முன்கூட்டிச் சொல்லும் ரக்‌ஷக் கருவியை எல்லார் கையிலும் கொடுங்கள் என்று எத்தனை தடவை கேட்பது?

"ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னது அடக்கம் மட்டும்தானா? சொல்லியும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்கிற சலிப்பும் அதில் இருந்திருக்கும். அதையும் எழுதுங்கள்.


#6 கணவாய்க்காரி
18 ஜூன் 2023, இரவு 8:30

தோழர், கட்டை இல்லை. நீங்கள் சொன்னதில் எதையும் நான் மறுக்கவில்லை. அப்பாவின் கேங்கில் ஒருவர் அப்படிப் போனார். அன்றைக்கு அப்பா வந்து "ஒண்ணுமில்ல" என்று சொல்லவில்லை, கிணற்றடியில் ரொம்ப நேரம் குளித்துக்கொண்டே இருந்தார். சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலப் போய்விட்டார். போகாமல் இருக்க வழி இல்லை என்பதும் எனக்குத் தெரியும், நாங்கள் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தோம்.

அதிகாரி வீட்டு வேலைக்கு அவரையும் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். "லைன் பாக்கணுங்கய்யா" என்று சொல்லிச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாராம். அதற்காக ஏதோ தண்டனை வந்தது, என்ன என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஆனால் ஒன்று. வேலை கொடுமையானது என்பதும், அந்த மனுஷன் அதை அழகாகச் செய்தார் என்பதும் ஒரே வீட்டில்தான் இருந்தன. ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடுமா? நான் ரயில்வேயைப் புகழ வரவில்லை. எங்கள் அப்பாவைப் புகழ வந்தேன்.


#7 செங்கொடி
18 ஜூன் 2023, இரவு 8:52

சரி, ஏற்கிறேன். அந்த "லைன் பாக்கணுங்கய்யா" ஒன்று போதும். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


#8 நேர்ப்பேச்சு
19 ஜூன் 2023, காலை 7:20

எனக்கு இடிப்பது வேறு. பையனுக்கு வேலையை விட்டுக்கொடுக்காததை எப்படிச் சரி என்று சொல்கிறீர்கள்? மத்திய அரசு வேலை, பாஸ், ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ். எங்கள் மாமா 2011-ல் மகனுக்குக் கொடுத்தார், அவன் இன்று வீடு கட்டிவிட்டான். உங்கள் அண்ணன் பனியன் கம்பெனியில் கஷ்டப்படுகிறார். அப்பா தன் சுத்தியல் மேல் வைத்த பாசத்தில் பாதியைப் பிள்ளை மேல் வைத்திருக்கலாம். உங்களுக்குப் படிப்பு கிடைத்தது, அதனால் சரியாகப் படுகிறது. கோபப்படாதீர்கள்.


#9 மீட்டர்கேஜ்
19 ஜூன் 2023, காலை 8:05

தகவலுக்காக மட்டும்: 2004-ல் கேங்மேன்களுக்கும் டிரைவர்களுக்கும் என்று அந்தத் திட்டம் வந்தபோது 33 வருட சர்வீஸ் கேட்டார்கள். 2010 செப்டம்பரில் விரித்து, கேங்மேன் மாதிரியான பிரிவுகளுக்கு 20 வருடம், வயது 50 முதல் 57 என்று ஆக்கினார்கள். அதனால்தான் அந்த வருடக் கடைசியில் எல்லார் வீட்டிலும் இந்தப் பேச்சு. அப்புறம் 2016-ல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம், இது அரசியல் சட்டத்தின் சம வாய்ப்புக்கு ஒத்துவராது என்று சுட்டிக்காட்ட, 2017-ல் நிறுத்திவைத்து 2018-ல் ரத்தே செய்துவிட்டார்கள். அப்பன் வேலை பிள்ளைக்கு என்பது வெளியில் காத்திருக்கும் பத்தாயிரம் பேருக்குக் கதவை அடைப்பது என்பது என் கட்சி. ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போது யாரும் அரசியல் சட்டம் பேச மாட்டார்கள், அதுவும் தெரியும்.


#10 கணவாய்க்காரி
19 ஜூன் 2023, பிற்பகல் 1:40

நேர்ப்பேச்சு, கோபமில்லை. அப்பாவுக்குச் சட்டக் காரணம் எதுவும் கிடையாது. உட்கார வைத்துக் கேட்டபோதெல்லாம் "நடந்தது போதும்" என்பார். யார் நடந்தது என்று சொல்ல மாட்டார். எங்கள் தாத்தா கல்லுடைத்தவர், இதே பாதையை ஐம்பதுகளில் மறுபடி போட்டபோது ஜல்லி உடைத்த ஆட்களில் ஒருவர். தாத்தாவையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். அவன் சார்பில் நான் பேசக்கூடாது. அவன் எண்ணத்தை அவன்தான் சொல்ல வேண்டும்.

உசிலைவாசி, உங்களுக்கு ஒரு செய்தி. பெட்டியில் தொங்கிக்கொண்டு வந்த பையன்களை அவருக்கு நினைவிருக்கிறதாம். "படிச்சானுகளா?" என்று கேட்கச் சொன்னார்.


#11 உசிலைவாசி
19 ஜூன் 2023, பிற்பகல் 2:10

படித்தோம் என்று சொல்லிவிடுங்கள் அக்கா. சிலபேர்.


#12 கொடிகாமம்
19 ஜூன் 2023, இரவு 9:30

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், இந்த இழையை நேற்றே வாசித்துவிட்டேன். என்ரை அப்பாவும் ரயில்வேயிலை பொயின்ற்ஸ்மனாக, ரயிலைப் பாதை மாற்றி விடுகிற ஆளாக வேலை செய்தவர். யாழ்தேவி 1956-இலே ஓடத் தொடங்கினது, அதற்குப் பிறகு சேர்ந்தவர். 1990-ஓடு எங்கட பக்கம் ரயில் நின்றுபோனது. சண்டைக்குள்ளே தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பங்கருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாதை இருந்த இடத்திலே வெறும் மேடு, பற்றை. அப்பா பின்னேரங்களிலே அந்த மேட்டாலே தான் கடைக்குப் போய்வருவார். றோட்டாலே போனால் கிட்ட, ஆனாலும் அதாலே போக மாட்டார்.

2014 ஒக்ரோபரிலே இந்தியாவின்ரை இர்கோன் நிறுவனம் திருப்பிப் போட்ட பாதையிலே யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தது. அப்பா அதைக் காண இருக்கவில்லை. நீங்கள் கூட்டிக்கொண்டு போனதை வாசிக்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஐயாவை ஊரையும் ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்கோ.


#13 கணவாய்க்காரி
19 ஜூன் 2023, இரவு 10:05

இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "தண்டவாளத்தையே எடுத்துட்டா அந்தாளு என்ன பண்ணுவாரு" என்றார். இரண்டு தடவை சொன்னார். நன்றி அண்ணா.


#14 திருப்பூரான்
20 ஜூன் 2023, இரவு 11:48

நான்தான் அந்த அண்ணன். லிங்க்கை மச்சான் அனுப்பினான். பாப்பா, எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, போகட்டும்.

நேர்ப்பேச்சு என்பவருக்கு. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, நானே பத்து வருடம் கேட்டேன். என் தங்கை என்னைப் பார்த்து ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாள். எனக்குச் சின்ன வயதிலிருந்து இடது காது மந்தம். அம்மை வந்தபோது போனது. எதிரில் நின்று பேசினால் தெரியாது, பின்னால் வந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். மெடிக்கலில் எப்படியும் தேறிவிடலாம், அதற்கு ஆள் இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார். அப்பாவிடம் போய் அதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் வந்து, "எத்தனை தடவை தட்டுனேன்?" என்று கேட்டார். நான் ஒரு தடவை என்றேன். கையில் டம்ளரும் கரண்டியும் இருந்தது. எத்தனை என்று அவரும் சொல்லவில்லை.

அதனால் புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? காது நன்றாக இருந்திருந்தாலும் அவர் கொடுத்திருக்க மாட்டார், அதுவும் எனக்குத் தெரியும். ஸ்டோர்ஸிலோ ஆபீஸிலோ தள்ளி வேலை கேட்டுப் பார்த்திருக்கலாம், யாரிடமும் போய் நிற்க அவருக்கு வராது. அந்த வீம்புக்கு நான்தான் விலை கொடுத்தேன்.

இன்னொன்றையும் இவள் எழுதவில்லை, இவளுக்குத் தெரியாது. 2020 கொரோனாவில் கம்பெனி மூடி, சம்பளம் நின்றுபோய், பிள்ளைகளோடு அறைக்குள் கிடந்தோம். மாதாமாதம் பென்ஷனில் பாதி எனக்கு வந்தது. நான் கேட்கவில்லை. போனும் பண்ணவில்லை. பணம் மட்டும் வரும். தபால் ஆபீஸுக்கு நடந்தேதான் போயிருப்பார், பஸ் ஓடவில்லையே.

ஆக, நல்ல அப்பாவா என்றால் ஆமாம். அவர் செய்தது சரியா என்றால், அதை நான் இன்னும் முடிவு பண்ணவில்லை.


#15 கணவாய்க்காரி
21 ஜூன் 2023, காலை 6:15

அண்ணே, காது விஷயம் உன்னுடையது, அதனால்தான் எழுதவில்லை. பென்ஷன் எனக்குத் தெரியாது. அந்த வருடம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் காசு பத்தவில்லை என்று என்னிடம் கேட்டார், எங்கே போகிறது என்று நானும் சத்தம் போட்டேன். வாயே திறக்கவில்லை. இரு, ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன்.


#16 திருப்பூரான்
21 ஜூன் 2023, காலை 6:40

கேட்காதே. "ஒண்ணுமில்ல" என்பார்.


#17 நேர்ப்பேச்சு
21 ஜூன் 2023, காலை 9:00

நான் கேள்வியை வாபஸ் வாங்கவில்லை, அண்ணனே வாங்கவில்லையே. ஆனால் தொனிக்கு வருந்துகிறேன்.


#18 நெறியாளர்
21 ஜூன் 2023, காலை 10:15

குடும்பத்தார் இருவரும் நிதானமாகவே பேசுகிறார்கள், இழை திறந்தே இருக்கும். ரத்தான திட்டத்தின் கீழ் இன்னும் வேலை வாங்கித் தருவதாகத் தனிச்செய்தி அனுப்பிய நபர் நீக்கப்பட்டுவிட்டார். யாரும் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.


#19 புதுக்கீமேன்
22 ஜூன் 2023, இரவு 10:20

அக்கா, நான் இங்கே எழுதுவது முதல் தடவை. எனக்கு 25 வயது. குரூப் டி பரீட்சை எழுதி டிராக் மெயின்டெய்னராக வந்தவள், விழுப்புரம் பக்கம் இரட்டைப் பாதை. உடல்தகுதித் தேர்வில் பெண்களுக்கு 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு 100 மீட்டர் இரண்டு நிமிடத்தில், 1000 மீட்டர் ஓட்டம் 5 நிமிடம் 40 வினாடியில். அதெல்லாம் முடித்துவிட்டேன். இப்போது எங்கள் கீமேன் லீவில் போனால் என்னை அனுப்புகிறார்கள். கேங்கில் சில பேர் "பொம்பளப் புள்ள தனியாப் போகுமா" என்கிறார்கள், கேங்குக்குத் தலைவரான மேட் மட்டும் நம்பி அனுப்புகிறார்.

உங்கள் அப்பாவிடம் மூன்று விஷயம் கேட்டுச் சொல்வீர்களா? மின்சார ரயில் சத்தமே இல்லாமல் வருகிறது, காற்று எதிராக அடித்தால் ஹாரன்கூடக் கேட்பதில்லை, அவர் என்ன செய்வார்? சுத்தியல் எந்தத் தோளில்? அப்புறம், சாயங்காலம் ஆறு கிலோமீட்டர் திரும்பி வரும்போது கண் அசந்துபோகிறது, எல்லாக் கிளிப்பும் ஒன்று மாதிரித் தெரிகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?


#20 கணவாய்க்காரி
23 ஜூன் 2023, இரவு 7:55

தங்கச்சி, அப்பாவுக்கு நேற்று ராத்திரியிலிருந்து இதே யோசனை. "அந்தப் புள்ளைக்கு எழுதிட்டியா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

சத்தத்துக்கு: "காத வச்சு நடந்த காலம் மீட்டர் கேஜோட போச்சு. இப்ப கண்ணுதான். ரெட்டை லைன்ல ரயிலு எதுக்க வர்ற மாதிரி பாத்துதான் நடக்கணும், முதுகு காட்டக் கூடாது. ஒரு லைன்ல ரயிலு போகும்போது அடுத்த லைன்ல ஒதுங்கி நிக்காத, ரெண்டையும் விட்டு வெளிய எறங்கிரு. அந்த இரைச்சல்ல அடுத்தது வர்றது தெரியாது. வளைவுக்கு முன்னாடி நின்னு பாத்துட்டுப் போ. நேரமாச்சுன்னு யாராவது சொன்னா ஆகட்டும்னு சொல்லு."

சுத்தியலுக்கு: "வெளிப்பக்கத் தோள்ல. தண்டவாளத்துப் பக்கம் வச்சா திரும்பும்போது இடிக்கும். பையை எக்காரணத்தைக் கொண்டும் சிலிப்பர் மேல வைக்காத, ரயிலு வரும்போது எடுக்கணும்னு தோணும்."

கண் அசப்புக்கு: "திரும்பி வரும்போது எண்ணிக்கிட்டே வரக்கூடாது, தூங்கிரும். போகையில எது சந்தேகமா இருந்துச்சோ அதுக்கு ஒரு கல்ல வச்சுட்டுப் போ. வரும்போது கல்லத் தேடு. கண்ணு முழிச்சுக்கும்."

கடைசியாக, தண்ணீர் எத்தனை பாட்டில் கொண்டுபோகிறாய் என்று கேட்கிறார். பெண் பிள்ளைகள் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள், அது கிட்னிக்கு ஆகாது என்று நான் ஆஸ்பத்திரிக் கதை சொன்னதை நினைவு வைத்திருக்கிறார்.


#21 புதுக்கீமேன்
23 ஜூன் 2023, இரவு 9:12

ஒரு பாட்டில்தான் அக்கா. காரணம் அவர் சொன்னதேதான். பிளாட்பாரம் தாண்டினால் எங்கேயும் வசதி கிடையாது. நாளையிலிருந்து இரண்டு எடுத்துப்போகிறேன், நடுவில் கேட் ரூம் ஒன்று இருக்கிறது, அங்கே இருக்கிற கேட்கீப்பரும் ஒரு அக்காதான், கேட்டுப் பார்க்கிறேன். கல் வைக்கிற யோசனை எங்கள் மேட்டுக்கே தெரியவில்லை.


#22 செங்கொடி
23 ஜூன் 2023, இரவு 9:30

தங்கச்சி, உன் செக்‌ஷனில் ரக்‌ஷக் கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால் தனிச்செய்தியில் எழுது. மனு எப்படிப் போடுவது என்று சொல்கிறேன், கழிப்பிடத்துக்கும் சேர்த்து. நீ ஒருத்தியாகப் போடாதே, உன்னோடு சேர்ந்த பெண்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கு.


#23 திருப்பூரான்
24 ஜூன் 2023, காலை 7:05

பாப்பா, நாளைக்கு மதியம் நாலு பேரும் வருகிறோம். மதுரையில் பஸ்ஸை விட்டு இறங்கி ரயிலில் வரலாம் என்று சின்னவன் அடம்பிடிக்கிறான். ஆண்டிபட்டிக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அப்பாவைக் கேட்டுச் சொல். அவரை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று சொல், எப்படியும் வருவார்.